காசு பெருசா செலவழிக்காம வீட்ல கொலு வைக்கிறது எப்படி (காலாண்டு லீவுல பிள்ளைங்களையும் இழுத்துப் போட்டுக்கிட்டு)

புரட்டாசி பொறந்தா ரெண்டு விஷயம் சேர்ந்தே வரும், ஒண்ணு காலாண்டு பரீட்சை லீவு, இன்னொண்ணு நவராத்திரி. லீவு விட்ட மறுநாளே பிள்ளைங்க போரடிக்குதுன்னு ஆரம்பிச்சிரும், அங்கிட்டு போலாமா இங்கிட்டு போலாமான்னு நச்சரிக்கும், குடும்பத்தோட ஒரு தடவ மாலுக்குப் போய்ட்டு வந்தா சினிமா பாப்கார்ன் ஆட்டோன்னு சேர்த்து ரெண்டாயிரம் காணாமப் போயிரும். அதுக்குப் பதிலா அந்த லீவு முழுக்க வீட்டுக்குள்ளயே வேலை குடுக்கிற மாதிரி ஒரு பண்டிகை இருக்குன்னா அது கொலுதான்.

ஆனா கொலுன்னு சொன்னதும் பாதிப்பேர் பின்வாங்கிருவாங்க. "எங்க வீட்ல வழக்கம் இல்லையே", "பொம்மை செட்டு விலையைக் கேட்டா தலை சுத்துதே", "வாடகை வீடு, இடம் எங்க இருக்கு". வழக்கம் இல்லைன்னா இந்த வருஷத்துல இருந்து வழக்கமாகட்டும், அதுக்கு யார்கிட்டயும் லைசென்ஸ் வாங்க வேண்டியதில்ல. ஒரு தடவ வச்சிட்டா வருஷா வருஷம் விடாம வைக்கணும்னு பெரியவங்க சொல்வாங்க, அதனாலதான் சின்னதா ஆரம்பிங்கன்னு சொல்றேன், மூணு படி போதும், மூணு படி வைக்க யாருக்கும் எந்த வருஷமும் முடியாமப் போகாது. கல்யாண செட்டு, தசாவதார செட்டுன்னு மொத்தமா வாங்குறதை நான் ஆதரிக்கிறதே இல்ல. வருஷத்துக்கு ஒரு நல்ல மண் பொம்மை காசு குடுத்து வாங்குங்க, மிச்சம் அத்தனையும் வீட்ல செய்யுங்க, பிள்ளைங்களுக்கு அஞ்சு வயசுல ஆரம்பிச்சா அதுங்க காலேஜ் போறப்ப படி நிறைஞ்சிருக்கும்.

முதல்ல வீட்ல என்ன இருக்குன்னு தேடுங்க

கடைக்குப் போறதுக்கு ஒரு வாரம் முன்னாடி ஒரு பெரிய அட்டைப்பெட்டியை ஹால் மூலையில வச்சிருங்க, இது கொலுப் பெட்டி, எதையும் குப்பைல போடுறதுக்கு முன்னாடி இதைக் கேட்டுட்டுப் போடணும்னு எல்லார்கிட்டயும் சொல்லிருங்க. நம்ம வீடுகள்ல கண்டிப்பா இருக்கிற பொக்கிஷம் கல்யாணப் பத்திரிக்கை. கெட்டி அட்டை, தங்கக் கலர் பிள்ளையார், மயில், குத்துவிளக்கு எல்லாம் அச்சடிச்சு, கலர் கயிறு குஞ்சம் வரைக்கும் அதுலயே வரும். தூக்கிப் போட மனசு வராம பீரோ மேல அடுக்கி வச்சிருப்போம்ல, அதுக்கு இப்ப வேலை வந்திருச்சு. அப்புறம் டிவி, மிக்ஸி வந்த பெட்டில இருக்கிற தெர்மாகோல், கொட்டாங்குச்சி, தீப்பெட்டி, ஐஸ் குச்சி, ஈர்க்குச்சி, பழைய பட்டுச்சேலை பார்டர், தையக்கடைல கேட்டா சும்மாவே குடுப்பாங்க வெட்டுத்துணி, மரக்கடைல மரத்தூள். மரத்தூளை பச்சைக் கோலப்பொடியோட லேசா தண்ணி தெளிச்சுப் பிசறி நிழல்ல காயவச்சா அருமையான புல்தரை.

படி

படிக்குன்னு இப்ப மடக்குற மாதிரி இரும்புல, பிளாஸ்டிக்ல எல்லாம் விக்கிறாங்க, மூணு படிக்கு அதெல்லாம் தேவையே இல்ல. பின்னாடி டிரங்குப் பெட்டி இல்லனா நிமித்தி வச்ச சூட்கேஸ், அதுக்கு முன்னாடி கொஞ்சம் உயரம் கம்மியா ஒரு பெஞ்சு இல்லனா பழைய பாடப் புத்தகக் கட்டு, அதுக்கும் முன்னாடி ஒரு பலகை, அவ்வளவுதான். ஒவ்வொரு படிக்கும் உயரம் முக்கால் அடிக்குள்ள, அகலம் முக்கால் அடிக்குக் கொஞ்சம் மேல இருந்தா பொம்மை நிக்கும், பின்னாடி இருக்கிறதும் தெரியும். வெறும் அட்டைப்பெட்டிய மட்டும் நம்பிராதீங்க, உள்ள புத்தகமோ பழைய துணியோ திணிச்சு, கையை ஊனி நல்லா அமுக்கிப் பாருங்க, அமுங்கலைன்னா சரி. எண்ணிக்கை மட்டும் ஒத்தப்படைல இருக்கணும், மூணு, அஞ்சு, ஏழு, ஒம்போதுன்னு.

மேல விரிக்க வெள்ளை வேட்டி. மூணு படி, மூணடி நீளம்னா ஒரு நாலு முழ வேட்டியே காணும். கஞ்சி போட்டு அயர்ன் பண்ணுனதா இருந்தா நல்லா நிக்கும். மேல் படில இருந்து விரிச்சு ஒவ்வொரு மூலைலயும் கையால உள்ள தள்ளி மடிப்பு எடுத்து குண்டூசி குத்திட்டே கீழ வரணும், கீழ இருந்து ஆரம்பிச்சா கடைசில துணி பத்தாம இழுத்துக்கிட்டு நிக்கும். குத்துவிளக்கை படிக்குப் பக்கத்துல வைக்காதீங்க, தொங்குற துணில இருந்து ஒரு ரெண்டடியாவது தள்ளி வைங்க, பாவாடை கட்டுன பிள்ளைங்க குறுக்க நெடுக்க ஓடும்.

மகாளய அமாவாசை அன்னிக்கு ராத்திரியே ஒரு பொம்மையாவது எடுத்துப் படில வச்சிருவாங்க, மறுநாள் பிரதமைல இருந்து கொலு ஆரம்பம். மேல கலசம், மரப்பாச்சி, சாமி, அதுக்குக் கீழ மகான்கள், அதுக்குக் கீழ மனுஷங்க, அடில தரைல பார்க்கு, ஊரு, ஆடு மாடு. ஒவ்வொரு வீட்லயும் கொஞ்சம் மாறும், உங்க மாமியார் ஒண்ணு சொல்வாங்க உங்கம்மா ஒண்ணு சொல்வாங்க, யார் வீட்ல இருக்காங்களோ அவங்க சொல்றபடி வைங்க.

காசு குடுத்து வாங்குற அந்த ஒரு பொம்மை

மதுரைப் பக்கம்னா திருப்பரங்குன்றம் கிட்ட விளாச்சேரிக்கே போயிருங்க, அங்க மண் பொம்மை செய்றதுதான் நிறைய குடும்பத்துக்கு வேலை, கொலு சீசன்ல கொலு பொம்மை, டிசம்பர் வந்தா கிறிஸ்துமஸ் குடில் பொம்மைன்னு ஓடும். பொம்மைக்குக் கண்ணு எழுதுறதை பிள்ளைங்க பக்கத்துல நின்னு பாத்தா அதுவே ஒரு டூர்தான். சென்னைக்காரங்களுக்கு கொசப்பேட்டையும் மயிலாப்பூர் வடக்கு மாட வீதியும் இருக்கு, பண்ருட்டி, காஞ்சிபுரம் பொம்மைகளுக்கும் பேர் இருக்கு. அரசாங்கக் கைவினைப் பொருள் கடையான பூம்புகார்ல கொலு பொம்மைக் கண்காட்சியும் வருஷா வருஷம் போடுவாங்க, வாங்காட்டியும் பாத்துட்டு வர்றதுக்கு நல்லா இருக்கும்.

நவராத்திரிக்கு முந்தின வாரம் போனா பேரமெல்லாம் பேச முடியாது, கூட்டம் அப்படி. ஆடி கடைசிலயே போங்க, இல்லனா விஜயதசமி முடிஞ்சு மறுவாரம் போனா மிச்சம் இருக்கிறதை விலை குறைச்சுத் தருவாங்க, அதை அடுத்த வருஷத்துக்குன்னு எடுத்து வச்சுக்கலாம். வாங்குறப்ப அடிப்பாகம் தட்டையா ஆடாம நிக்குதான்னு பாருங்க, கழுத்துலயும் கைலயும் விரிசல் இருக்கான்னு பாருங்க, பெயிண்ட்டு பளபளப்புல மயங்கிராதீங்க. பஸ்ல கொண்டுபோகணும்னா காகிதக்கூழ் பொம்மை வாங்குறது புத்திசாலித்தனம், வெயிட்டும் இல்ல, கீழ விழுந்தாலும் மண் பொம்மை மாதிரி நொறுங்காது.

மரப்பாச்சி ஜோடி மட்டும் யாராவது பெரியவங்க வீட்ல இருக்கான்னு கேட்டுப் பாருங்க, பல வீடுகள்ல பரண்ல தூங்கிட்டு இருக்கும். வருஷா வருஷம் அதுக்குப் புதுசா உடுத்தி விடுறது ஒரு பெரிய சந்தோஷம், மூணு விரக்கடை பட்டு பார்டர் இருந்தா ராணிக்குச் சேலை ஆச்சு, மிச்சத்துல ராஜாவுக்கு அங்கவஸ்திரம், பழைய கவரிங் கம்மல்ல இருந்து உதிர்ந்த கல்லு முத்து எல்லாம் நகை.

காகிதக்கூழ் பொம்மை, இதுதான் லீவோட முக்கிய வேலை

அந்தக் காலத்துல பழைய பேப்பரை ஊறப்போட்டு வெந்தயத்தோட சேர்த்து ஆட்டி, குடம், சட்டியைக் கவுத்துப் போட்டு அது மேல அப்பி காயவச்சுக் கூடை செய்வாங்க, உங்க ஆச்சியைக் கேட்டா சொல்வாங்க. அதே கூழுதான் பொம்மைக்கும். எங்க அத்தை சொல்லிக் குடுத்த அளவைச் சொல்றேன்.

நியூஸ்பேப்பரை விரல் அளவுக்குக் கிழிச்சுப் போடணும், கத்தரிக்கோல் வேண்டாம், கையால கிழிச்சாதான் நார் நாரா வரும், இந்த வேலைய பிள்ளைங்ககிட்ட விட்டுருங்க, கிழிக்கச் சொன்னா அவ்வளவு ஆசையாச் செய்யும். வழவழன்னு இருக்கிற வாரப்பத்திரிக்கைத் தாள் வேண்டாம், அது சீக்கிரம் ஊறாது. ஒரு பக்கெட்ல போட்டு மூழ்குற அளவு தண்ணி ஊத்தி ரெண்டு நாள் ஊறணும், காலைல சாயங்காலம் தண்ணிய மாத்துங்க, இல்லனா நாத்தம் வந்துரும். அவசரம்னா கொதிக்கிற தண்ணி ஊத்தி ஒரு ராத்திரி வச்சாலும் பரவாயில்ல. தனியா வெந்தயம் ஊறணும், பிழிஞ்ச பேப்பர் நாலு கைப்பிடிக்கு ரெண்டு டேபிள்ஸ்பூன் வெந்தயம். அடுத்த நாள் வெந்தயத்தை முதல்ல நல்லா வழவழன்னு அரைச்சுட்டு, பேப்பரைக் கொஞ்சம் கொஞ்சமாப் போட்டு தண்ணியோட மிக்ஸில விட்டு விட்டு ஓட்டுங்க. ஒரேயடியா திணிச்சு ஓட்டுனா மிக்ஸி மோட்டார் போயிரும், அப்புறம் மிச்சம் பிடிச்ச காசெல்லாம் மிக்ஸி ரிப்பேருக்குப் போகும். முடிஞ்சா பழைய ஜாரா எடுங்க, பேப்பர்ல மை இருக்கு, சட்னி அரைக்கிற ஜார் வேண்டாம்.

அரைச்சதைத் துணில கட்டிப் பிழிஞ்சு, சப்பாத்தி மாவை விடக் கொஞ்சம் தளர்வா வர்ற வரைக்கும் பிசைஞ்சு ஒரு ஸ்பூன் மஞ்சத்தூள், கெட்டியாக் காய்ச்சுன மைதாக் கஞ்சி ஒரு கரண்டி சேருங்க. ஃபெவிகால் இருந்தா கஞ்சிக்குப் பதிலா ரெண்டு ஸ்பூன் அது. பூச்சி வராம இருக்க பசைல மயில்துத்தம் போடுறது பழைய பழக்கம், பிள்ளைங்க கைவைக்கிற இடத்துல அது கண்டிப்பா வேண்டாம், விஷம். மஞ்சளும் வெந்தயக் கசப்புமே போதும்.

முழுக்க முழுக்கக் கூழ்லயே உருட்டுனா உள்ள காயவே காயாது, பூசணம் பிடிச்சிரும். அதனால உள்ள ஒரு கூடு வேணும். சின்ன பாட்டில், கசக்கி நூல் சுத்துன பேப்பர் உருண்டை, கொட்டாங்குச்சி, எதுவா இருந்தாலும் அது மேல கால் இஞ்சு கனத்துக்குக் கூழை அப்பி, கையை தண்ணில தொட்டுத் தடவி வழிச்சு விடுங்க. கொட்டாங்குச்சிய கவுத்துப் போட்டு நாலு காலு ஒரு தலை வச்சா ஆமை, நாலு வயசுப் பிள்ளைகூட செஞ்சிரும். பாட்டில்ல செட்டியாரும் ஆச்சியும் செய்யலாம், குண்டா இருந்தாதான் செட்டியார். கைகால் ஒட்டுற இடத்துல ஐஸ் குச்சியோ கம்பியோ உள்ள குத்தி வைங்க, இல்லனா காஞ்சதும் கழண்டு விழும். மூக்கு, காது, நகை எல்லாம் முதல் அப்பு பாதி காஞ்சப்புறம் வைக்கணும்.

புரட்டாசி வெயில்ல மூணு நாலு நாள் ஆகும், மழை பிடிச்சா இன்னும் கூட. முதல் நாள் நிழல்ல வச்சுட்டு ரெண்டாவது நாள் வெயிலுக்குக் கொண்டுபோங்க, எடுத்த எடுப்புல உச்சி வெயில்ல வச்சா வெடிப்பு விடும். வெடிச்சாலும் கவலை இல்ல, கொஞ்சம் கூழை தண்ணியாக் கரைச்சு விரிசல்ல தடவுனா மறைஞ்சிரும். நல்லா காஞ்ச பொம்மைய தட்டுனா டொக்குன்னு சத்தம் வரும், சில்லுன்னு இருந்தா இன்னும் ஈரம். மேல உப்புத்தாள் ஒரு தேய்ப்பு, சாக்பீஸ் பொடியை ஃபெவிகால் தண்ணில குழைச்சு ஒரு வெள்ளைப் பூச்சு, அது காஞ்சதும் போஸ்டர் கலர். கண்ணு மட்டும் கடைசியா, வீட்ல யாருக்குக் கை நடுங்காதோ அவங்க எழுதணும். எங்க வீட்ல அது எப்பவும் சின்னவதான்.

இதெல்லாம் ஒரு பத்து பன்னெண்டு நாள் வேலை, அதனால அமாவாசைக்கு ரெண்டு வாரம் முன்னாடியே பேப்பரை ஊறப்போடுங்க. பரீட்சை நடந்துட்டு இருக்கும்தான், ஒரு மணிநேரம் கை அழுக்கானா மார்க்கு ஒண்ணும் குறைஞ்சிராது.

ஒரு படியை பிள்ளைங்களுக்கு எழுதிக் குடுத்துருங்க

கீழ் படியும் அதுக்கு முன்னாடி இருக்கிற தரையும் அவங்களோடது. அதுல கார் வைக்கட்டும், டைனோசர் வைக்கட்டும், சாமி படில டைனோசரான்னு கேக்கப்படாது. வர்றவங்க யாராவது சிரிச்சா சிரிக்கட்டும். பெரியவங்க நாம ராத்திரி போய் நைசா அடுக்கி "சரி" பண்ணி வைக்கிறோம் பாருங்க, அதைத்தான் முதல்ல நிறுத்தணும், மறுநாள் காலைல அதுக்கு மூஞ்சி எப்படிப் போகுதுன்னு பாத்தா தெரியும்.

தீம்னு ஒண்ணு வேணும்னா நம்ம ஊரையே எடுத்துக்கோங்க. மதுரைக்காரங்களுக்கு அழகர் ஆத்துல இறங்குறதை விட என்ன வேணும் சொல்லுங்க. ஒரு பெரிய தாம்பாளத்துலயோ பழைய டிரேலயோ மணல் கொட்டி நடுவுல சின்னதா ஒரு வாய்க்கால்ல தண்ணி, வைகைங்கிறதால மணல் நிறைய தண்ணி கொஞ்சம், அதுல ஒண்ணும் தப்பு சொல்ல முடியாது. பிளாஸ்டிக் குதிரைக்கு கல்யாணப் பத்திரிக்கைல இருந்து உரிச்ச தங்கத்தாளைச் சுத்துனா தங்கக்குதிரை. அழகர் எந்தக் கலர் பட்டுல வர்றாருன்னு பாக்கத்தான் அத்தனை கூட்டமும் நிக்கும், பச்சைப்பட்டுன்னா அந்த வருஷம் செழிப்பா இருக்கும்னு நம்பிக்கை. அதையும் விளையாட்டா வைங்க, பச்சை, செகப்பு, மஞ்ச, வெள்ளைன்னு துண்டுத்துணி ஒரு டப்பால போட்டு கண்ணை மூடி ஒரு பிள்ளை எடுக்கணும், எடுத்த கலரை அழகருக்கு உடுத்தணும். தெர்மாகோல்ல நாலு தூண் நட்டு பத்திரிக்கை அட்டையை மேல கவுத்தா சாமி தங்கிப் போற மண்டகப்படி.

கூட்டத்துக்கு ஆளு வேணுமே. தோலோட இருக்கிற நிலக்கடலை நூறு கிராம் வாங்குங்க, நாப்பது அம்பது ஆளு ரெடி. கடலைக்கு நடுவுல இடுப்பு மாதிரி ஒடுங்கி இருக்கும்ல, மேல மொட்டைல ஸ்கெட்ச் பேனால கண்ணு வாயி, கீழ வேட்டி சேலை, மணல்ல நட்டு வச்சா திருவிழாக் கூட்டமேதான். தண்ணி பீச்சுறவர், சொம்புல சர்க்கரை வச்சிருக்கிறவங்க, பலூன்காரர், பிள்ளையத் தோள்ல தூக்கி வச்சிருக்கிற அப்பான்னு அதுங்களே கண்டுபிடிக்கும். எலித்தொல்லை இருக்கிற வீடுன்னா பருப்பை எடுத்துட்டு வெறும் தோட்டை ஒட்டி வைங்க, இல்லனா மறுநாள் பாதிக் கூட்டம் காணாமப் போயிருக்கும்.

மதுரை வேண்டாம்னா உங்க தெருவே போதும், டீக்கடை, இஸ்திரி வண்டி, ரேஷன் கடை கியூ, தண்ணி லாரி. தீப்பெட்டிய அடுக்கி அபார்ட்மெண்ட் கட்டலாம்.

பார்க்குக்கு முளைப்பயிர் வைக்கணும். கடுகு, வெந்தயம், கேப்பை மூணுல எது வீட்ல இருக்கோ அது. ஒரு ராத்திரி ஊறவச்சு, டிரேல ரெண்டு விரல் உயரத்துக்கு மண்ணோ தேங்கா நார்த்தூளோ பரப்பி அது மேல நெருக்கமாத் தூவி, ஈரத்துணி போட்டு மூடிருங்க. முளை விட்டதும் துணிய எடுத்துட்டு வெளிச்சத்துல வைங்க, ஊத்தாம தெளிங்க. அஞ்சாறு நாள்ல பச்சைப்பசேல்னு இருக்கும், அதனால அமாவாசைக்கு அஞ்சு நாள் முன்னாடி விதைச்சா சரியா இருக்கும். இருட்டு ரூம்லயே வச்சா முளைப்பாரி மாதிரி வெளிர் மஞ்சளா நெட்டையா வளரும், அதுவும் ஒரு அழகுதான், நெல்லு வயல்னு சொல்லிக்கலாம். பச்சை பிடிச்சப்புறம் இன்னும் அஞ்சு ஆறு நாள்ல முத்திப்போய் சாயும், நடுவுல ரெண்டாவது டிரே ஒண்ணு விதைச்சு வச்சுக்கிட்டா ஒம்போது நாளும் ஓடும்.

சுண்டல் கணக்கு

கொலுச் செலவுல சத்தமில்லாம ஏறுறது சுண்டல்தான். தினம் எத்தனை பேர் வருவாங்கன்னு தெரியாம அரைக் கிலோ ஊறப்போட்டுட்டு ராத்திரி வீடே சுண்டலைத் தின்னுட்டு உக்காந்திருக்கக் கூடாது. கால் கிலோ கொண்டக்கடலை ஊறி வெந்தா ரெண்டு மடங்குக்கு மேல ஆயிரும், சின்னக் கப்புல குடுத்தா பத்துப் பேருக்குத் தாராளம். கறுப்புக் கொண்டக்கடலை, வெள்ளைப் பட்டாணி, காராமணி, பச்சைப்பயறு, மொச்சை, நிலக்கடலை, கடலைப்பருப்பு, கொள்ளுன்னு எட்டு ஆச்சு, வெள்ளிக்கிழமை வெல்லப் புட்டு, ஆக ஒம்போது. ரேஷன்ல பருப்பு பயறு ஏதாவது போட்டிருந்தா அதை முதல்ல காலி பண்ணுங்க. காராமணிய ஒரு நாள் வெல்லம் போட்டு இனிப்பா செஞ்சா பிள்ளைங்க அடிச்சுக்கும்.

கொண்டக்கடலை மொச்சை எல்லாம் ராத்திரி முழுக்க ஊறணும், காராமணிக்கு நாலு மணிநேரம், பச்சைப்பயறை லேசா வறுத்துட்டு நேரா வேகவைக்கலாம், கடலைப்பருப்பு ஒரு மணிநேரம் ஊறுனா போதும், குக்கர்ல வேண்டாம், குழைஞ்சு கூட்டாயிரும், பாத்திரத்துல வச்சு மலர வேகவைங்க. ஊறப்போட மறந்துட்டா கொதிக்கிற தண்ணியோட ஹாட்பேக்ல போட்டு இறுக்கி மூடி ஒண்ணரை மணிநேரம் விட்டு, குக்கர்ல ரெண்டு விசில் கூடுதலா வைங்க. தேங்கா ஒண்ணை உடைச்சா மூணு நாளைக்கு வரணும், துருவி ஃபிரீசர்ல வச்சிருங்க, நிறைய போட்டாத்தான் ருசின்னு இல்ல, இஞ்சி பச்சமிளகாய தட்டிப் போட்டு கடைசில எலுமிச்சம்பழம் பிழிஞ்சா தேங்கா கம்மியானதே தெரியாது. மிஞ்சுன கொண்டக்கடலைய மறுநாள் குழம்புல போடலாம், பட்டாணிய மசிச்சு சப்பாத்திக்கு வைக்கலாம், பருப்புச் சுண்டல் மிஞ்சுனா அடை மாவோட அரைச்சிருங்க. வேகவச்ச தண்ணிய கொட்டாதீங்க, ரசத்துக்கு அது அவ்வளவு நல்லா இருக்கும்.

வெத்தலை பாக்கு

ரவிக்கைத் துணி குடுக்கிறதை பத்தி என் கருத்து என்னன்னா, வேண்டாம். நான் உங்களுக்குக் குடுப்பேன், நீங்க எதிர்வீட்டுக்குக் குடுப்பீங்க, அவங்க அவங்க நாத்தனாருக்குக் குடுப்பாங்க, கடைசில கார்த்திகை வாக்குல அதே பச்சைத் துணி என் கைக்கே வரும், யாரும் தைக்கிறதில்ல. பிளாஸ்டிக் டப்பாவும் அப்படித்தான். வெத்தலை, பாக்கு, மஞ்சக்கிழங்கு, குங்குமம், ஒரு பழம், இதுதான் தாம்பூலம், இதுக்கு மேல வைக்கணும்னு கட்டாயம் ஒண்ணும் இல்ல.

வைக்க ஆசையா இருந்தா வீட்ல செஞ்சதை வைங்க. வறுத்து அரைச்ச பருப்புப்பொடி நூறு கிராம், ஹார்லிக்ஸ் காபி பாட்டில்ல நட்டு வச்ச ஓமவல்லித் தண்டு (கிள்ளி நட்டா பத்து நாள்ல வேர் விட்டுரும்), பழைய பட்டுச்சேலைல தச்ச சின்ன சுருக்குப்பை. வர்ற சின்னப் பிள்ளைங்களுக்கு பத்திரிக்கை அட்டைல செஞ்ச புக்மார்க்கோ முகமூடியோ குடுத்துப் பாருங்க, ரவிக்கைத் துணிய வாங்குற முகத்துக்கும் அதுக்கும் வித்தியாசம் தெரியும். வெத்தலைய கவுளியா வாங்கி ஈரத்துணில சுத்தி வச்சா நாலஞ்சு நாள் வாடாது, உதிரியா வாங்குனா விலை ஜாஸ்தி.

சாயங்காலம் என்ன பண்றது

வர்றவங்க உக்காந்து செல்போனைப் பாத்துட்டு சுண்டல் வாங்கிட்டுப் போறதுக்கா இவ்வளவு பாடு. தினம் ஒரு பொம்மைய இடம் மாத்தி வைங்க, எது மாறியிருக்குன்னு கண்டுபிடிக்கிற பிள்ளைக்கு ரெண்டு கடலைமிட்டாய். தினம் ஒரு பொம்மைக்கு ஒரு கதை, நேத்து சொன்னவங்க இன்னிக்கு சொல்லக்கூடாது, தாத்தா பாட்டிய ஒரு நாளாவது மாட்டி விடுங்க. தாயம், பல்லாங்குழி, பரமபதம் மூணையும் பாய்ல எடுத்து வச்சிருங்க, பல்லாங்குழிப் பலகை இல்லனா தரைல சாக்பீஸ்ல ரெண்டு வரிசையா ஏழேழு வட்டம், புளியங்கொட்டை, முடிஞ்சது.

இதுல ரொம்ப ஹிட்டு நிழல் பாவை. கதவு நிலைல வெள்ளை வேட்டிய இழுத்துக் கட்டி, பின்னாடி ஒரு டார்ச்சு இல்லனா செல்போன் லைட்டு, பத்திரிக்கை அட்டைல உருவம் வெட்டி ஈர்க்குச்சில ஒட்டி ஆட்டணும். கண்ணுக்கும் நகைக்கும் ஊசியால ஓட்டை போட்டா வெளிச்சம் அது வழியா வரும், ஓட்டைக்குப் பின்னாடி கலர் மிட்டாய் பேப்பர் ஒட்டுனா கலரும் வரும். லைட்டை கிட்ட கொண்டுபோனா பொம்மை பெருசாகும், இந்த ஒரு வித்தையை வச்சே மகிஷாசுரன் வளர்றதைக் காட்டலாம். பத்து நிமிஷத்துக்கு மேல கதை வேண்டாம். அக்கம்பக்கத்துப் பிள்ளைங்களுக்கும் ஆளுக்கு ஒரு பாவை குடுத்துருங்க, பாக்க வர ஆள் இல்லைன்னாலும் நடிக்க ஆள் இருக்கும்.

சரஸ்வதி பூஜை அன்னிக்கு புத்தகத்தை அடுக்கி வச்சுட்டா படிக்கக்கூடாதுன்னு ஒரு வழக்கம் இருக்கு, வருஷத்துல பிள்ளைங்க இவ்வளவு பக்தியா கடைப்பிடிக்கிற வழக்கம் வேற எதுவும் இல்ல. விஜயதசமி காலைல எடுத்து ஒரு பக்கமாவது படிக்க வச்சிருங்க, சின்னதுகளை அரிசில எழுத வைங்க.

எடுத்து வைக்கிறது

விஜயதசமி ராத்திரி ஒரு பொம்மைய மட்டும் படுக்க வச்சிட்டு மறுநாள்தான் கொலுவைப் பிரிக்கணும். காகிதக்கூழ் பொம்மைகளை ஒரு நாள் வெயில்ல வச்சு எடுங்க, ஈரத்தோட பெட்டிக்குள்ள போனா அடுத்த வருஷம் பூசணம்தான் கிடைக்கும். மண் பொம்மைக்கு முதல்ல மெல்லிசா பழைய காட்டன் துணி, அதுக்கு மேல நியூஸ்பேப்பர், நேரா பேப்பரைச் சுத்துனா மை ஒட்டும். கை, கழுத்துன்னு நீட்டிட்டு இருக்கிற இடத்துக்கு வெட்டுத்துணிய திணிச்சுக் கட்டுங்க. பெரியது அடில, சின்னது மேல, இடுக்குல வைக்கோலோ கசக்கின பேப்பரோ, நாலு மூலைக்கும் காஞ்ச வேப்பிலையும் கொஞ்சம் மிளகும் துணில முடிஞ்சு. செருப்பு டப்பால வர்ற சிலிக்கா பாக்கெட்டைச் சேத்து வச்சிருந்தா அதையும் போடுங்க, பிள்ளைங்க கைக்கு எட்டாம.

மூடுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு பெட்டிக்கும் மேல ஒரு பேப்பர் ஒட்டி உள்ள என்ன இருக்குன்னு எழுதிருங்க, எந்தப் பொம்மைக்கு விரல் உடைஞ்சிருக்கு, எதுக்குப் பெயிண்ட் அடிக்கணும்ங்கிறதையும் அதுலயே. பிரிக்கிறதுக்கு முன்னாடி படியை முழுசா ஒரு போட்டோ எடுத்துக்கோங்க, அடுத்த வருஷம் எது எங்க இருந்துச்சுன்னு வீட்ல வர்ற சண்டைல பாதி குறையும். முளைப்பயிரை தெருல போற மாட்டுக்குப் போட்டுரலாம், மணலைக் கழுவிக் காயவச்சு பைல கட்டி வச்சா மறுபடி ஆகும், வேட்டில குத்துன குண்டூசி எல்லாத்தையும் எடுத்துட்டீங்களான்னு ரெண்டு தடவ தடவிப் பாத்துட்டு துவைக்கப் போடுங்க, அதை மறுபடி கட்டப்போறது உங்க வீட்டுக்காரர்தான்.